வெளுத்த பலகை வீண் பலகை அல்ல



சரக்கு விலை, வரி, லைசென்ஸ் என்றே எழுதி வந்த நாம் இம்முறை மரப்பலகையைப் பற்றி எழுதுகிறோம். பலகையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கடை முகப்பில் இருக்கும் பலகையும், கிடங்கில் மூட்டைக்கு அடியில் கிடக்கும் பலகையும் நாம் போட்ட முதலின் ஒரு பகுதி. ஐந்தொகையில் அவற்றுக்கென்று தனி இடம் கிடையாது. அதனால்தான் அவை பாழாவது நம் கண்ணில் படுவதில்லை.

பழைய பஜார்களில் உள்ள கடைகளுக்குப் பலகைக் கதவுதான். மேலும் கீழும் காடி வெட்டிய நிலை. அதில் ஒன்று, இரண்டு என்று உளியால் குறி போட்ட பலகைகளை வரிசையாகச் சொருக வேண்டும். காலையில் கழற்றினால், அதே பலகைகளைக் கடை முன்னே சாக்கடைக் கல்லின் மேல் பரப்பி மூட்டை இறக்கும் மேடையாக்கிக் கொள்வதும் உண்டு. பகலெல்லாம் வெயில், ஐப்பசி கார்த்திகையில் மழை, ஆண்டு முழுவதும் சுமைதூக்குவோரின் கால். இப்படி உழைக்கும் பலகை சில ஆண்டுகளில் சாம்பல் நிறமாகி, மேலே நார் நாராக எழும்பி, பார்க்கவே பரிதாபமாகிவிடும்.

அந்த நேரம் பார்த்துப் பழைய மரம் வாங்குபவர் வந்து நிற்பார். "மரம் செத்துப்போச்சு, விறகு விலைக்குத்தான் போகும்" என்பார். நாமும் ஷட்டர் போட்டுக்கொண்டு பலகைகளைத் தள்ளிவிடுகிறோம். எங்கள் கடையின் 14 பலகைகளும் இப்படிப் போயிருக்க வேண்டியவைதான். எடை போடும் நேரத்தில் தற்செயலாக வந்த வயதான ஆசாரி ஒருவர், ஒரு பலகையை எடுத்து ஓரத்தில் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். உள்ளே தேன் நிறத்தில் தேக்கு பளிச்சென்று தெரிந்தது. "அண்ணாச்சி, மரம் சாகலை. மேல் தோல்தான் கருகியிருக்கு. இதை வித்துட்டு இதே மாதிரி வாங்கணும்னா எங்கே போவீக?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் தாத்தாக்கள் காலத்துக் கடைகளில் பல பர்மா தேக்கில் செய்தவை. அந்த நாடு, இன்றைய மியான்மார், 2014 ஏப்ரல் முதல் தேக்கு உள்ளிட்ட மரங்களை வெட்டிய உருட்டாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளின் பழைய கதவும் தூணும் என்ன விலைக்குப் போகின்றன என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். வாங்குபவருக்கு மதிப்புத் தெரிகிறது. விற்கும் நமக்குத்தான் தெரியவில்லை.

மரம் ஏன் வெளுக்கிறது? மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்து வைப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சிய நார்தான் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. இந்தச் சாம்பல் படலம் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஆகவே வெளுப்பு வேறு, உளுப்பு வேறு. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நீடித்தால்தான் பூஞ்சாணம் பிடித்து மரம் மக்கும். கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி ஏறாமல் நின்றால் மரம் நல்ல மரம். பஞ்சில் குத்துவதுபோல் இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் காடியில் நிற்கும் அடிமுனைதான் இப்படி மக்கியிருக்கும். வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் விரைவாக ஏறுவதே காரணம்.

பலகையை விற்காதவர்களும் அதைக் காப்பாற்றுவதாக நினைத்து இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். முதல் தவறு, வெளுத்த மரத்தின் மேலேயே எனாமல் பெயிண்டையோ வார்னிஷையோ அடிப்பது. பிடிமானமில்லாத நாரின் மேல் அடித்த பூச்சு எப்படி நிற்கும்? ஒரு கோடையில் வெடிக்கும். வெடிப்பு வழியே மழைநீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வர வழி இருக்காது. வெறுமனே விட்டிருந்தால் காய்ந்திருக்கும் மரம், பூச்சு அடித்ததால் மக்குகிறது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. கரையான் வராது என்று வண்டி இஞ்சினில் வடித்த கழிவு எண்ணெயைப் பலகைக்குப் பூசுவது. பிறரைக் குறை சொல்லவில்லை. 2009ல் நாங்களே கிடங்குப் பலகைகளுக்கு அதைப் பூசினோம். காய்ந்துவிட்டது என்று நம்பி 30 மூட்டை துவரம் பருப்பை அதன்மேல் அடுக்கினோம். பத்து நாளில் சில்லறைக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "அண்ணாச்சி, பருப்பு டீசல் வாடை அடிக்குது" என்றார்கள். அடி அட்டியில் இருந்த மூட்டைகளின் சாக்கிலெல்லாம் எண்ணெய் ஏறியிருந்தது. சரக்கைத் திரும்ப எடுத்து அழித்தோம். அந்த நட்டம் எங்கள் கையைவிட்டுப் போனது. ஆனால் அதைச் சமைத்து உண்டவர் வீட்டை நினைத்தால் இன்றைக்கும் மனம் உறுத்துகிறது. கழிவு எண்ணெயில் ஈயம் போன்ற உலோகங்களும் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களும் உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும். சட்டம் இல்லாவிட்டாலும் உணவு விற்கும் நாம் செய்யக்கூடாத காரியம் இது.

நாம் கண்ட முறை எளிமையானது. வெளிமரத்துக்கு எண்ணெய்ச் சாயம். உள்மரத்துக்குச் சுத்தமும் காற்றும் மட்டும்.

கிடங்குப் பலகையில் வெயில் படாது, மழை படாது. அதற்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போது சரக்குக் குறைவாக இருக்கும். அப்போது பலகைகளை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டு உள்ளே போட்டால் போதும். சுவரை ஒட்டாமல் போட்டால் காற்று ஓடும், கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

முகப்புப் பலகைக்கு மாசி, பங்குனி ஏற்ற காலம். முதலில் சோப்புத் தண்ணீரும் நார் பிரஷும் கொண்டு ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது. அதன் இரும்புத் துகள் மரத்தில் தங்கிக் கறுப்புப் புள்ளியாகும். சாம்பல் நிறமும் ஆணித் துருவின் கறையும் போக ஆக்ஸாலிக் ஆசிட் உண்டு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் வைத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இது விஷம். கையுறையும் கண்ணாடியும் அவசியம். பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். சரக்கு இருக்கும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

நன்றாகக் காய்ந்த பின் 80 நம்பர் உப்புத்தாளும் அதன்பின் 120 நம்பரும் போட்டுத் தேய்த்தால் போதும். கண்ணாடிபோல வழவழப்பாக்கினால் சாயம் உள்ளே இறங்காது. பலகையில் பழைய பெயிண்ட் இருந்தால் எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேய்த்து, சுரண்டியதைக் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். திறந்து வைத்த அரிசி மூட்டைக்கு அருகில் வைத்துச் செய்யவே கூடாது.

பிறகு பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மரம் அதைக் குடித்தால் எண்ணெயையும் குடிக்கும். வண்ணம் கலந்த, வெளிப்புறத்துக்கான எண்ணெய்ச் சாயத்தை வாங்குங்கள். வெயிலைத் தடுப்பது அந்த வண்ணம்தான். நிறமில்லாத பூச்சு அழகாக இருக்கும், வெளுப்பைத் தடுக்காது. நம் பெரியவர்கள் ஆளிவிதை எண்ணெயில் காவி கலந்து பூசியதன் பொருள் இதுதான். மெல்லியதாக இரண்டு கை பூசி, ஒவ்வொரு முறையும் 15, 20 நிமிடம் கழித்து மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வெட்டுமுனைகளுக்கு மட்டும் குடிக்கும் வரை கொடுக்கலாம். எங்கள் 14 பலகைகளுக்கு இரு பக்கமும் சேர்த்து மூன்று லிட்டர் பிடித்தது. வாடை முழுவதும் போகும் வரை அவற்றின்மேல் சரக்கு வைக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கழுவி மேலே ஒரு கை பூசினால் போதும். சுரண்டும் வேலை மறுபடியும் வராது.

இனிச் சொல்வதைத் தயவு செய்து இருமுறை படியுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றிப் பெருகி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். வேலையாட்கள் விட்டுச் சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில்தான் அந்தத் தீ தொடங்கியது. சாக்கும் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் நிறைந்த நம் கடைகளில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. துணியைத் தண்ணீரில் முக்கி மூடியுள்ள டின்னில் போடுங்கள். அல்லது வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள். கடை பூட்டும் முன் இதைக் கடை உரிமையாளரே நேரில் பார்க்க வேண்டும்.

"ஷட்டர்தானே பாதுகாப்பு, பலகைக்கு ஏன் இத்தனை பாடு?" என்று இளைய வணிகர்கள் கேட்கிறார்கள். ஷட்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எங்கள் கடையிலும் வெளியே ஷட்டர்தான் இருக்கிறது. பலகைகள் அதன் முன்னே மேடையாகவும், ஷட்டர் பழுதாகும் நாளில் கதவாகவும் உதவுகின்றன. இடம் இல்லாதவர் மேஜையாகவோ அலமாரித் தட்டாகவோ மாற்றிக்கொள்ளலாம். எப்படியும் விற்பது என்று முடிவு செய்தவர்கூட, ஒரு பலகையை இழைத்துக் காட்டிவிட்டு விலை பேசட்டும். சரக்கின் தரம் பார்க்காமல் நாம் எந்த மூட்டையையாவது விற்போமா?

சங்கத்துக்கு இரண்டு கோரிக்கைகள் வைக்கிறோம். ஒன்று, கிடங்குப் பலகைக்குக் கழிவு எண்ணெய் பூசுவதில்லை என்று உறுப்பினர் அனைவரும் மே 5 வணிகர் தினத்துக்குள் உறுதி எடுக்க வேண்டும். இரண்டு, சாயமும் உப்புத்தாளும் மொத்தமாக வாங்கி, பஜாருக்கு ஓர் ஆசாரியை அமர்த்தி, தெரு முழுவதற்கும் ஒரே வாரத்தில் வேலையை முடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தனித்தனியாகச் செய்தால் செலவு கூடும், சேர்ந்து செய்தால் குறையும். இதை வணிகருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பலகையை இழைத்துக் காட்டிய அந்த ஆசாரிக்கு அன்று கூலி கொடுக்கப் போனோம். "ரெண்டு இழுப்புக்கு என்ன கூலி?" என்று வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு நாம் பட்ட கடனைத்தான் இந்தப் பக்கத்தில் உங்களிடம் கொடுத்துத் தீர்க்கிறோம்.