அவர்கள் 'மிஸ்' ஆனவர்கள் இல்லை

ஒரு நாளைக்கு எத்தனை தரம் 'மிஸ்' எண்டு சொல்லுறம்? பஸ் மிஸ், கிளாஸ் மிஸ், ஃபோனில் பத்து மிஸ்ட் கோல். கனடா போன நண்பனுக்கு 'மிஸ் யூ டா'. பள்ளிக்கூடத்து 'மிஸ்' மட்டும் வேறு சொல். அது 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம், அதை விடுவம்.

மற்ற மிஸ்களைக் கவனியுங்கோ. பஸ்ஸைத் தவறவிட்டது நான். நண்பனை நினைத்து ஏங்குவதும் நான். செய்பவர் ஒருவர் அங்கே இருக்கிறார். 'மிஸ்ஸிங்' எண்டு சொன்னவுடன் அந்த ஆள் இல்லாமல் போகிறார். 'பேனை மிஸ்ஸிங்' எண்டால் பேனையைக் காணேல்லை, அவ்வளவுதான். யார் எடுத்தது எண்ட கேள்வி அந்தச் சொல்லுக்குள் இல்லை. பேனைக்கு அது போதும். மனிசருக்கு?

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது 'மிஸ்ஸிங் பேர்சன்ஸ்'. தமிழ்ப் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்'. ஆடு காணாமல் போகும், குடை காணாமல் போகும். 2009 மே மாதம் முல்லைத்தீவில் தங்கள் கண்முன்னே படையினரிடம் சரணடைந்து பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் எங்கே எண்டு குடும்பங்கள் இன்றும் கேட்கின்றன. அவர்கள் எப்படிக் 'காணாமல் போனவர்கள்' ஆனார்கள்? கடைசியாக யாருடைய பொறுப்பில் இருந்தார்கள் எண்டு சாட்சி சொல்லத் தாய்மார் இருக்கினம்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கிய அம்மாமாரும் மற்ற மாவட்டங்களில் வீதியில் இருந்தவர்களும் சொல்வது 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. ஆக்கப்பட்டார் எண்டால் ஆக்கினவர் ஒருவர் இருக்கவேணும். விசாரணை அங்கேதான் தொடங்கும்.

'மிஸ்ஸிங் எண்டது பொதுவான சொல், போரில் தொலைந்த சிப்பாயும் அதுக்குள்ள வருவார்தானே' எண்டு சிலர் சொல்லுவினம். உண்மை. அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் அவர்களும் இருக்கிறார்கள். சிப்பாயின் தாய்க்கும் பதில் வேணும். ஆனால் சண்டையில் தொலைந்தவரையும் பிடித்துக்கொண்டு போகப்பட்டவரையும் ஒரே பெயரில் போட்டால், இரண்டாமவர் விஷயத்தில் குற்றம் எண்ட ஒன்றே தெரியாமல் போகும்.

'ஆக்கப்பட்டோர்' எண்டது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு எண்டும் சொல்லேலாது. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. 2018இல் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அதைக் குற்றமாகவும் ஆக்கியது. அரசின் சட்டப் புத்தகத்திலேயே சரியான பெயர் இருக்கு. அதைச் சொல்ல எங்களுக்கு ஏன் கூச்சம்?

ஒவ்வொரு ஓகஸ்ட் 30க்கும் எங்கட வயசுக்காரர்தான் போஸ்டர் செய்கிறோம், ஸ்டேட்டஸ் போடுகிறோம். அதிலயும் 'மிஸ்ஸிங்', 'காணாமல் போனோர்' எண்டே வருகுது. போன வருசத்து டிசைனை அப்படியே கொப்பி பண்ணமுதல் அந்த ஒரு சொல்லை மாத்துங்கோ.