டபுள் ஹாமக்கும் நெட்டையன் முதுகும்

ஆறடியைத் தாண்டி வளர்ந்தவனுக்கு இந்த தேசம் ஓதுகிற ஒரே மந்திரம், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க". ரயிலில் சைடு பெர்த் விழுந்தால் காலை மடித்துக்கொள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சாய்ந்தால் முட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள். போர்வையால் தலையை மூடினால் பாதம் தெரியும், பாதத்தை மூடினால் தலை தெரியும். பள்ளிக்கூடத்தில் பனைமரம், காலேஜில் ஒட்டடைக்குச்சி, இப்போது புனேயில் பொட்டி தட்டுகிற இடத்தில் 'லம்பு'. ஊர் மாறினாலும் பெயர் மாறுவதில்லை. இதெல்லாம் பழகிப்போன விஷயம். சண்டைக்கு வரவில்லை.

ஆனால் சொந்தக் காசில் வாங்கி, சொந்த முதுகில் சுமந்து, மலைமேல் கொண்டுபோய்க் கட்டிப் படுக்கிற படுக்கையிலும் அதே மந்திரத்தை ஓதினால் எப்படி சாமி?

ஹாமக்கைத்தான் சொல்கிறேன். இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டிப் படுக்கிற துணி. நம்ம ஊர் தூளிக்குப் பெரியண்ணன். சஹ்யாத்ரி பக்கம் வாரக்கடைசியில் மலையேறுகிற கும்பல்களில் இப்போது பாதிப் பேர் பையில் ஒன்று இருக்கிறது. கூடாரத்தைவிட இலேசு, கீழே கல்லோ ஈரமோ கவலையில்லை, இரண்டு மரம் கிடைத்தால் வீடு ரெடி. குள்ளமானவர்கள் அதில் ராஜா மாதிரித் தூங்குகிறார்கள். நெட்டையர்கள் விடிய விடிய வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்துவிட்டு, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்கிறார்கள்.

இந்தக் கடைசி வசனத்தை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. ஒத்துவராதது உங்கள் உடம்பு இல்லை ஐயா, அந்தத் துணி. செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டச் சொல்கிறார்கள், நாமும் தலையாட்டிக்கொண்டு கத்தியைத் தேடுகிறோம்.

கடையில் நடப்பதைப் பாருங்கள். இங்கே ஒரு கடையில் (பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் இதே கதைதான்) "நான் 188 செ.மீ., எனக்கு எது சரியாக வரும்?" என்று கேட்டேன். அந்தத் தம்பி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், நீங்க டபுள் எடுத்துக்கோங்க" என்றார். டபுளில் என்ன டபுள்? அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சிங்கிளுக்கும் டபுளுக்கும் நீளம் ஒன்றேதான், அகலம் மட்டும் கூடுதல். நீளம் போதாதவனுக்கு அகலத்தை விற்பது, பேண்ட் குட்டை என்று வந்தவனுக்கு இடுப்பைப் பெரிசாக்கிக் கொடுப்பது மாதிரி. சொன்னேன். "அட்ஜஸ்ட் ஹோ ஜாயேகா சார்" என்றார். வந்ததே கோபம்!

இதே டபுளை வாங்கிய அலுவலக நண்பர் ஒருவர், பஞ்சாபி, ஆறடி நாலு அங்குலம். பண்டர்தரா ஏரிக்கரையில் ஒரே ராத்திரிதான் படுத்தார். மூன்று மணிக்கு இறங்கித் தரையில் சுருண்டவர், திரும்பி வந்ததும் ஹாமக்கை விற்றுவிட்டார். அது போகட்டும். அதற்குப் பிறகு எந்த மலைக்குக் கூப்பிட்டாலும் "என் முதுகு சரியில்லை" என்கிறார். ஜிம்மில் தினமும் வெயிட் தூக்குகிற முதுகு! ஒரு குட்டைத் துணி ஒரு மனிதனை அவன் உடம்பையே சந்தேகப்பட வைத்துவிட்டது. எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற ஹாமக்கின் நீளம் 9 அடிக்குப் பக்கம், அதாவது 270 செ.மீ. சொச்சம். "உன் உயரம் ஆறடி சில்லறைதானே, ஒன்பதடி போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. ஏனென்றால் ஹாமக்கில் நேராகப் படுக்கக் கூடாது. தலையிலிருந்து கால்வரை நடுக்கோட்டில் படுத்தால் துணியின் வளைவுதான் உடம்பின் வளைவு. முதுகு வில்லாகும், முட்டி பின்பக்கமாக மடங்கப் பார்க்கும், இரண்டு ஓரமும் தோளை நெருக்கும். குறுக்காகப் படுக்கவேண்டும். தலையை நடுக்கோட்டிலிருந்து ஒரு முழம் வலப்பக்கம், காலை ஒரு முழம் இடப்பக்கம் (அல்லது மாற்றி). அப்போது இழுவிசை முழுக்க உடம்புக்கு வெளியே உள்ள துணியில் போய்விடும், உடம்புக்குக் கீழே இருப்பது தளர்ந்து தட்டையாகும். நடுவில் ஒரு பலகை போட்ட மாதிரி இருக்கும், நம்புங்கள்.

இங்கேதான் நீளம் வந்து நிற்கிறது. ஹாமக்கின் இரண்டு முனையும் கொசுவம் மாதிரிச் சுருக்கிக் கட்டப்பட்டவை. முனையை நெருங்க நெருங்கத் துணி குறுகும். ஐந்தரை அடிக்காரர் ஒன்பதடித் துணியில் குறுக்கே படுத்தால் அவருடைய தலையும் காலும் துணி விரிந்த பகுதியிலேயே அடங்கிவிடும். நம்முடையது சுருங்குகிற பகுதிக்குள் போய்விடும். குதிகால் நழுவி நடுவுக்கே திரும்பும், கெண்டைக்காலுக்குக் கீழே துணி ஒரு வரப்பு மாதிரி இறுகி நிற்கும். அரை மணியில் கால் மரத்துப்போகும். ஆறடிக்கு மேற்பட்டவருக்கு 11 அடி, அதாவது 335 செ.மீ. துணி வேண்டும். உலகம் முழுக்க ஹாமக்கில் தூங்குகிற நெட்டையர்கள் அனுபவத்தில் கண்ட அளவு இது, என் கண்டுபிடிப்பு இல்லை.

"இழுத்துக் கட்டினால் தட்டையாகிவிடுமே" என்று ஒவ்வொரு குழுவிலும் ஒரு மேதாவி சொல்வார். அவர்தான் மிக ஆபத்தானவர். பள்ளிக்கூட இயற்பியல்தான். பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பட்டையிலும் உங்கள் எடைக்குச் சமமான இழுப்பு. 85 கிலோ ஆளுக்கு 85 கிலோ. அதையே 10 டிகிரிக்கு இறுக்கினால் ஏறக்குறைய 245 கிலோ. 5 டிகிரிக்கு இறுக்கினால் 490 கிலோவுக்குப் பக்கம். அட்டையில் பெரிய எழுத்தில் '200 கிலோ தாங்கும்' என்று போட்டிருக்கிறார்களே என்று நம்பி முறுக்கினால் பட்டையோ, தையலோ, மரமோ ஏதாவது ஒன்று கைவிடும். அப்படியே தாங்கினாலும் சுகம் கிடையாது. இறுக இறுக ஓரங்கள் இரண்டும் சுவர் மாதிரி எழும்பி உங்களைப் பட்டாணித் தோலுக்குள் இருக்கும் பட்டாணி ஆக்கிவிடும். தளர்வாகக் கட்டினால்தான் குறுக்கே படுக்க முடியும். குறுக்கே படுத்தால்தான் தட்டை. பார்வைக்குத் தலைகீழாகத் தெரிகிற உண்மை இது.

இன்னொரு ஏமாற்று, ரிசார்ட் ஹாமக். இரண்டு முனையிலும் மரக்கட்டை வைத்து விரித்திருப்பார்கள், கோவா கடற்கரை போட்டோவில் பார்த்திருப்பீர்கள். போட்டோவுக்கு அழகு. புரண்டு படுத்தால் மண்ணில் மூக்கு.

ஹாமக் என்ற சொல்லே கரீபியத் தீவுகளின் தைனோ மக்களுடைய 'அமாக்கா'விலிருந்து வந்தது. அவர்களுக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை, கட்டில். மெக்சிகோவின் யுக்கட்டானிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் இன்றைக்கும் வீட்டுக்குள் கட்டித் தூங்குகிறார்கள். அங்கே செய்கிறவை அகலம், தளர்வு. குறுக்கே படுப்பது குழந்தைக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாக இருந்த அறிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, பையில் சின்னதாக மடங்குமா, போட்டோவில் நன்றாக விழுமா என்பதை மட்டும் வைத்துக்கொண்டது நம் காலத்துக் கடை.

கடைக்காரர் தரப்பு வாதத்தையும் கேட்டுவிடுவோம். "சராசரி இந்தியனுக்குத்தானே சார் செய்ய முடியும்? நெட்டையனுக்குத் தனியாகச் செய்தால் எடை கூடும், விலை கூடும்." எவ்வளவு கூடும்? இரண்டடி நீளம், ஐந்தடி அகலம், ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. ஹாமக்குக்குப் போடுகிற மெல்லிய நைலான் சதுர மீட்டருக்கு 60 கிராம் வாக்கில் வரும். ஆக ஒரு கோழிமுட்டை எடை. ஒரு முட்டைக்காகவா ஐயா எங்கள் முதுகை ஒடிக்கிறீர்கள்? இன்னொன்று, 11 அடித் துணியில் ஐந்தடிக்காரரும் ஆனந்தமாகத் தூங்கலாம். 9 அடியில் நெட்டையன் தூங்க முடியாது. நீளமாகச் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை, குட்டையாகச் செய்தால் ஒரு சாராருக்கு மட்டும் நஷ்டம். இதில் சராசரி எங்கே வந்தது?

புலம்பியது போதும். நெட்டையர் சங்கத்துக்கு என் சிபாரிசுகள்:

1. வாங்கும்போது கேட்கவேண்டிய ஒரே கேள்வி, "விரித்த துணியின் நீளம் எவ்வளவு?" கயிற்றையும் சேர்த்துச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். துணி மட்டும் 11 அடி. இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

2. கிடைக்கவில்லையா, தைத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி அகல ரிப்ஸ்டாப் நைலான் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, தெருமுனை டெய்லரிடம் நாலு ஓரமும் மடித்து அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு முனையில் மட்டும் பாவாடைக்கு நாடா கோர்க்கிற மடிப்பு. அதற்குள் உறுதியான கயிறு. அவ்வளவுதான் ராக்கெட் விஞ்ஞானம்.

3. இரண்டு முனைக்கும் நடுவே மேலே ஒரு மெல்லிய, நீளாத கயிறு கட்டுங்கள். நீளம் துணியில் 83 சதவீதம், 335 செ.மீ. துணிக்கு 278 செ.மீ. மரம் தள்ளி இருந்தாலும் கிட்டே இருந்தாலும் தொய்வு மாறாது.

4. மரங்களுக்கு நடுவே நாலரை மீட்டர் இடைவெளி இருந்தால், பட்டையை ஏறக்குறைய உங்கள் தலை உயரத்தில் சுற்றுங்கள். உட்காரும் இடம் நாற்காலி உயரத்துக்கு மேல் வேண்டாம். விழுந்தாலும் சிரிக்கிற மாதிரி விழவேண்டும்.

5. கால்பக்க முனையைத் தலைப்பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் உடம்பின் கனம் ராத்திரி முழுக்கக் கால்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போகும். முட்டிக்குக் கீழே சுருட்டிய ஒரு சட்டை.

6. டிசம்பர் ராத்திரிகளில் முதுகுக்குக் கீழே காற்று ஓடும். போர்வை மேலே எத்தனை போட்டாலும் கீழே குளிரும். ஃபோம் விரிப்பு ஒன்றைக் குறுக்குவாட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

7. நைலான் கயிற்றை நேராக மரத்தில் கட்டாதீர்கள், பட்டை உரியும். இரண்டு விரல் அகல நாடா போதும். கோட்டைகளில் உள்ள கல்தூண்களில் கட்டுகிறவர்களுக்கு இந்தப் பதிவில் இடமில்லை.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரே கோரிக்கை. அட்டையில் '200 கிலோ' என்று போடுகிற அதே பெரிய எழுத்தில், 'இத்தனை அடி உயரம் உள்ளவர் வரை' என்றும் போடுங்கள். செருப்புக்கு நம்பர் உண்டு, சட்டைக்கு நம்பர் உண்டு. ராத்திரி முழுக்க உடம்பைத் தாங்குகிற துணிக்கு மட்டும் 'எல்லாருக்கும் பொருந்தும்' என்றால், பொருந்தாதவன் எல்லாருக்குள் சேர்த்தி இல்லை என்றுதானே அர்த்தம்?

பி.கு: "தரையில் கூடாரம் போட்டுப் படுக்க வேண்டியதுதானே" என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு: கூடாரத்துக்குள் தலை ஒரு சுவரிலும் கால் எதிர்ச்சுவரிலும் இடித்துக்கொண்டு, பனி கோத்த துணியைப் பாதத்தால் துடைத்த கதை தனிப் பதிவாக வரும்.