கைரேகை தேய்ந்தால் உரிமையும் தேயுமா?



நிபோங் திபால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் நம் தலைமுறைகள் கழிந்தன. அவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று தொழிற்சாலை, துப்புரவு, காவல் வேலைகளில் இருக்கிறார்கள். வாசலில் கைரேகைக் கருவி பொருத்தினால் முதலில் மாட்டிக்கொள்வது யார்? சிமெண்டிலும் சோப்புத் தண்ணீரிலும் ரேகை தேய்ந்த நம்மவர்கள்தான். குளிர்சாதன அறையில் இருக்கும் மேலாளர் அல்ல.

ரேகை தெளிவாக இல்லையென்றால் கருவி ஆளை அடையாளம் காணாது. கதவு திறக்காது, தாமதம் என்று பதிவாகும், சம்பளத்தில் கை வைப்பார்கள். உழைத்ததற்கே தண்டனையா?

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் கைரேகையும் முகப்பதிவும் அச்சட்டத்தின் சிறப்புப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டன. 40ஆம் பிரிவின்படி உங்கள் வெளிப்படையான சம்மதம் தேவை. வேலை தொடர்பாகச் சட்டமே சுமத்தும் கடமைக்கு விலக்கு உண்டு. வாசல் கதவைத் திறப்பது அப்படிப்பட்ட கடமை அல்ல என்பது என் வாதம். இச்சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்பது பெரிய ஓட்டை.

ஆகவே விரலை வைக்கும் முன் எழுத்து மூலம் கேளுங்கள்:

1. ரேகை பதியாதவருக்கு அட்டையோ இரகசிய எண்ணோ உண்டா?
2. பதிவு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள்?
3. வேலையை விட்டதும் அழிப்பார்களா?

அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் சட்டத்துக்குப் போதும். நமக்குப் போதாது. தமிழில் விளக்கம் கேட்டு வாங்குங்கள்.

இரகசிய எண் திருடு போனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியுமா? சிந்திப்பீர்!