வந்த மீனும் இருந்த மீனும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹியூரான் ஏரியின் தென்மேற்குப் பகுதியில் சாகினா விரிகுடா அமைந்துள்ளது. ஏரிக்கு விரிகுடாவா என்று வியக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ அறுபதாயிரம் சதுர கிலோமீட்டர் பரந்த ஏரி அது. கரையில் நின்றால் கடலென்றே தோன்றும். அள்ளிக் குடித்தால்தான் நன்னீர் என்பது விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பனிக்காலத்தில், அங்கே வேலை பார்க்கும் என் தங்கை மகன் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், கார்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், எங்களை உறைந்த விரிகுடாவின்மீது மீன் பிடிக்க அழைத்துச் சென்றார். பனிக்கட்டியில் துளையிட்டுக் குறுந்தூண்டிலை இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். நண்பகலுக்குள் நான்கு வால்ஐ மீன்கள் வாளியில் கிடந்தன. இருளில் ஒளிரும் பெரிய கண்களை உடைய, அந்த ஏரிக்கே உரிய மீன் அது. ஐந்தாவது மீனைக் கொக்கியிலிருந்து விடுவித்துக்கொண்டே பெரியவர் சொன்னார்: "இந்த ஏரி செத்துப்போய் இருபது வருடமாகிறது."

அவர் சொன்னது சால்மனை. விரிகுடாவுக்கு வடக்கே உள்ள துறைமுக ஊர்களில், தம் மகனோடு படகேறிப் பத்துக் கிலோ எடையுள்ள சினூக் சால்மன்களோடு போராடிய கோடைகளை அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துயரம் பொய்யன்று. ஆயினும் அவர் 'ஏரி' என்று எதைச் சொன்னார் என்பது அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சால்மன் அந்த ஏரியின் மீன் அன்று. நயாகரா அருவியைச் சுற்றிச் செல்ல 1829இல் திறக்கப்பட்ட வெல்லண்டு கால்வாய் வழியே, கப்பல்களுக்குத் திறந்த பாதையில் பிற உயிர்களும் மேல் ஏரிகளுக்குள் புகுந்தன. உறிஞ்சும் வாயால் மீனின் உடலைத் துளைத்துக் குருதி குடிக்கும் லாம்ப்ரே வந்தது. சாளைக்கு உறவான ஏல்வைஃப் என்னும் சிறுமீனும் வந்தது. மிகை மீன்பிடிப்போடு லாம்ப்ரேயும் சேர்ந்துகொள்ள, ஏரியின் பெரிய வேட்டை மீனான ட்ரௌட் 1950களுக்குள் ஏறக்குறைய அழிந்தது. தின்ன ஆளில்லாத ஏல்வைஃப் பெருகியது. 1967 கோடையில் மிச்சிகன் ஏரிக்கரைகளில் அது குவியல் குவியலாகச் செத்து ஒதுங்கி நாறியது.

மாநில மீன்வள அதிகாரி ஹோவர்ட் டேனர் இதற்கொரு வழி கண்டிருந்தார். பசிபிக் கரையிலிருந்து சால்மன் முட்டைகளைத் தருவித்து, 1966இல் கோஹோ குஞ்சுகளையும் மறு ஆண்டில் சினூக் குஞ்சுகளையும் விடச் செய்தார். வேண்டாத ஏல்வைஃபை வேண்டிய சால்மனாக மாற்றுவதே திட்டம். அது வென்றது. தூண்டிற்காரர்கள் திரண்டனர், விடுதிகளும் படகுத்துறைகளும் பெருகின. ஹியூரான் கரை ஊர்களுக்கும் இந்த வாழ்வு வந்தது.

2003ஆம் ஆண்டை ஒட்டி ஹியூரானில் ஏல்வைஃப் சரிந்தது. சால்மன்கள் அதை அளவுக்கு மீறித் தின்றிருந்தன; சரக்குக் கப்பல்களின் நீரோடு வந்து சேர்ந்த வரிச்சிப்பி இனங்கள் ஏரியின் நுண்ணுயிர் உணவை வடிகட்டி உறிஞ்சியிருந்தன. இரை போனதும் சால்மனும் போயிற்று. கரை ஊர்களில் கடைகள் அடைபட்டன.

ஆனால் அதே ஆண்டுகளில் சாகினா விரிகுடாவில் வேறொன்று நிகழ்ந்தது. வால்ஐயின் இளங்குஞ்சுகளைத் தின்றும் அவற்றின் உணவுக்குப் போட்டியிட்டும் வந்த ஏல்வைஃப் இல்லாமற் போகவே, குஞ்சுகள் பிழைத்தன. பல ஆண்டுகளாகப் பண்ணைக் குஞ்சுகளை விட்டுக் காப்பாற்றப்பட்ட இனம் தானே பெருகியது. 2006இல் குஞ்சு விடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஏரியின் திறந்த பரப்பில் ட்ரௌட்டும் மீண்டும் இயற்கையாக இனம் பெருக்கத் தொடங்கியது. பெரியவர் செத்ததென்று சொன்ன ஏரியில் நடந்தவை இவை.

இதை 'வந்தேறி ஒழிந்தான், மண்ணின் மைந்தன் மீண்டான்' என்று கதையாக்கிவிட ஆசை எழலாம். அந்தக் கதையை நான் ஏற்கவில்லை. வால்ஐ பெருகியதால், அதே விரிகுடாவின் மண்ணுக்குரிய மஞ்சள் பெர்ச் குஞ்சுகள் அதற்கு இரையாகி அருகின. 2015இல் ஒருவர் ஒரு நாளில் பிடிக்கத்தக்க வால்ஐயின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து எட்டாக உயர்த்தி, பெர்ச்சின் எண்ணிக்கையை ஐம்பதிலிருந்து இருபத்தைந்தாகக் குறைத்தனர். மேலும், வால்ஐ மீண்டது எவருடைய திட்டத்தாலும் அன்று. மனிதர் கட்டியது சரிந்தபோது கிடைத்த பேறு அது.

என் கருத்து இதுதான். கேளிக்கைக்காக மீன் பிடிப்பதை நான் குறைசொல்லவில்லை. அந்நாட்டில் உரிமக் கட்டணமும், 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தூண்டிற் பொருள்கள்மீது விதிக்கப்படும் வரியும் நீர்நிலைகளைப் பேணவே செலவாகின்றன. தூண்டிற்காரரின் காசு இல்லையேல் ஏரிக்குக் காவலும் இல்லை. இடர் அங்கேதான் தொடங்குகிறது. காசு தருபவரின் விருப்பமே ஏரியின் நலம் என்று ஆகிவிடுகிறது. இழுத்துப் போராடும் மீன் இருந்தால் ஏரி உயிரோடிருக்கிறது, இல்லையென்றால் செத்துவிட்டது!

சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு உவமை சொன்னார் வள்ளுவர். வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் குறள்தான். தோல்வியை அன்று, வெற்றியையே அவர் தூண்டில் என்றார் என்பதன் கூர்மை, அந்தப் பனிக்கட்டியின்மீது அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சால்மனின் வெற்றியை விழுங்கியவை அந்தக் கரை ஊர்கள்.

விரிகுடாவில் சேரும் நீர்வழிகளுள் ஒன்றான காஸ் ஆற்றில், ஃபிராங்கன்மூத் என்னும் ஊரின் அணையருகே 2015இல் பாறைகளை அடுக்கிச் சரிவு அமைத்தார்கள். மீன்கள் அதன்மேல் ஏறிப் பழைய முட்டையிடு களங்களுக்குச் செல்லலாம். எந்த மீன் ஏற வேண்டும் என்று அந்தப் பாறைகள் கேட்பதில்லை. புதிய மீனைக் கொண்டுவந்து விடுவதைக் காட்டிலும் இது மேலான பணி என்று எண்ணுகிறேன்.

அன்று மாலை பெரியவர் வீட்டில் அந்த வால்ஐயைத்தான் வறுத்துத் தந்தார்கள். நல்ல சுவை. அவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார்.