பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. விசாரிக்கும் பழக்கம் இருக்கிறதா?

2018 மே மாதம். சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர், குலதெய்வக் கோவிலுக்குச் செல்வதற்காக உறவினர்களுடன் காரில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் சென்றார். வழியில் ஒரு கிராமத்தில் இறங்கியவர், அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. ஊர் திரண்டது, அடித்தது. அந்த மூதாட்டி உயிரிழந்தார்.

வதந்தியைப் பரப்பியவர்கள் எழுத்தறிவில்லாதவர்கள் அல்ல. செல்போனில் வந்ததைப் படிக்கவும், அடுத்தவருக்கு அனுப்பவும் தெரிந்தவர்கள்தான். வந்தது உண்மையா என்று பார்க்க மட்டும் அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இதுபோன்ற கொலைகள் நாட்டின் பல இடங்களில் நடந்த பிறகு, அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு விதித்தது. எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்பதை நிறுவனம் தீர்மானிக்கலாம். எதை அனுப்பக்கூடாது என்பதை வீடும் பள்ளிக்கூடமும்தான் கற்றுத்தர வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்கள் நாமும்தான்

பொய்ச் செய்தியின் வலி நம் சமுதாயத்திற்குப் புதிதல்ல. 2020 மார்ச் இறுதியில், டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் கூட்டத்தைச் சாக்காக வைத்து, கொரோனாவைப் பரப்புவதே முஸ்லிம்கள்தான் என்ற பிரச்சாரம் நாடு முழுவதும் கிளம்பியது. தட்டுகளையும் கரண்டிகளையும் சிலர் நாக்கால் வழிக்கும் ஒரு வீடியோவைக் காட்டி, நோயைப் பரப்புகிறார்கள் என்றார்கள். அது கொரோனாவுக்கு முன்பே எடுக்கப்பட்ட பழைய வீடியோ. உணவில் ஒரு பருக்கையும் வீணாகக்கூடாது என்பதற்காகப் போஹ்ரா சமூகத்தினர் பாத்திரங்களை வழித்து உண்ட காட்சி அது. உண்மையைச் சரிபார்க்கும் இணையதளங்கள் இதை விளக்கி எழுதின. ஆனால் விளக்கம் போய்ச் சேருவதற்குள் தெருவில் காய்கறி விற்ற முஸ்லிம் வியாபாரிகள் பல ஊர்களில் விரட்டப்பட்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, மர்கஸுக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்று கூறியது.

இதைச் சொல்லும் நாம், இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, அதற்கு எதிரான வதந்திகள் நம் குடும்பங்களின் குழுக்களிலும் சுற்றின. 2023 அக்டோபருக்குப் பிறகு, காஸா என்ற பெயரில் சிரியாவின் பழைய படங்கள் பகிரப்பட்டன. காஸாவில் நடந்த கொடுமைகளுக்கு உண்மையான சாட்சியங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றோடு ஒரு பொய்யான படத்தைக் கலந்தால், மறுப்பவர்கள் அந்த ஒன்றைக் காட்டியே மற்ற அனைத்தையும் பொய் என்பார்கள். நமக்கு எதிரான செய்தியை மட்டும் சரிபார்த்து, நமக்குச் சாதகமானதைக் கண்ணை மூடிக்கொண்டு பகிர்ந்தால் அதற்குப் பெயர் நீதி அல்ல.

பள்ளியில் என்ன நடக்கிறது?

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பிறகு அரசுப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்தன. நல்ல விஷயம்தான். ஆனால் கணினிப் பாடம் என்றால் பல பள்ளிகளில் கணினியை இயக்கக் கற்றுக்கொடுப்பதாகவே இருக்கிறது. 'புராஜெக்ட்' என்றால் இணையத்தில் முதலில் வருவதை அப்படியே எடுத்து, பிரிண்ட் போட்டு, அட்டை ஒட்டிக் கொடுப்பது. இப்போது அந்த வேலையும் மிச்சம். செயற்கை நுண்ணறிவு செயலியிடம் கேட்டால் நொடியில் எழுதித் தருகிறது.

அது தருவது உண்மையா? 2023-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளைத் தாக்கல் செய்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் படித்தவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் நிலை என்ன?

பிள்ளைகள் செல்போனோடு பிறந்தவர்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சோதித்தார்கள். அமெரிக்கத் தேர்தலில் கள்ள ஓட்டு போடப்பட்டதாகக் கூறும் ஒரு வீடியோவைக் காட்டியபோது, பாதிக்கும் மேற்பட்டோர் அதை வலுவான ஆதாரம் என்றார்கள். உண்மையில் அது ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. சில நொடிகள் இணையத்தில் தேடினாலே தெரிந்திருக்கும். அந்த மூலத்தைக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே மூன்று மாணவர்கள்!

கற்றுக்கொடுக்க முடியும்

இதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், தடுப்பூசி பற்றிய வதந்திகளால் பெற்றோர்கள் பின்வாங்கிய அனுபவத்திற்குப் பிறகு, அப்போதைய ஆட்சியர் மிர் முஹம்மது அலி 2018-ல் 'சத்யமேவ ஜெயதே' என்ற திட்டத்தைத் தொடங்கினார். சுமார் 150 அரசுப் பள்ளிகளில், பொய்ச் செய்தியை எப்படி அடையாளம் காண்பது என்று 40 நிமிட வகுப்புகள் நடத்தப்பட்டன. பிள்ளைகள் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் கேரள அரசு இதை மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தியது. 2024-ல் அங்கே ஐந்தாம், ஏழாம் வகுப்புக் கணினிப் பாடநூல்களிலேயே செய்தியைச் சரிபார்ப்பது பாடமாகச் சேர்க்கப்பட்டது.

கற்றுத்தர வேண்டியது மலை அளவு அல்ல. மூன்று கேள்விகள் போதும். இதைச் சொல்வது யார்? அதற்கு அவர் காட்டும் ஆதாரம் என்ன? மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்களையும், பல்கலைக்கழக மாணவர்களையும், செய்தியைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேராசிரியர்களில் பலர் கூட, ஓர் இணையதளத்தின் அழகான தோற்றத்தையும் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கவில்லை. உடனே வெளியே வந்து, அந்த அமைப்பு யாருடையது, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி மாப்பிள்ளை வீட்டிலேயே விசாரிப்போமா? அக்கம்பக்கத்தில்தானே கேட்போம்!

இது நமக்கு அந்நியமான கலையும் அல்ல. செய்தி வந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் (49:6) கட்டளையிடுகிறது. ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன், அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா என்று தொடர் தொடராக ஆராய்ந்த இமாம்களின் வழிவந்த சமுதாயம் நாம். அந்த மார்க்கத்தின் பெயராலேயே, 'பத்து பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்' என்று ஆதாரமற்ற ஹதீஸ்கள் நம் குழுக்களில் சுற்றுவது வேதனை.

நாம் செய்ய வேண்டியது

அரசுப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சமுதாயத்தவர் நடத்தும் பள்ளிகள் வாரம் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்கலாம். அந்த வாரம் ஊரில் சுற்றிய ஒரு ஃபார்வர்டை எடுத்து, மாணவர்களையே விசாரிக்கச் சொல்லலாம். ஒரு படத்தை கூகுள் லென்ஸில் போட்டு, அது முன்பு எங்கே வெளியானது என்று தேடுவதற்கு ஒரு செல்போன் போதும். புராஜெக்டில் அட்டையின் அழகுக்கு மதிப்பெண் போடாமல், எங்கிருந்து எடுத்தாய், இரண்டாவது இடத்தில் சரிபார்த்தாயா என்று கேட்டு மதிப்பெண் போடலாம். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால், அது சொன்னதில் எது சரி, எது தவறு என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லலாம். மஹல்லா ஜமாஅத்துகள் கோடை விடுமுறை வகுப்புகளில் இதையும் சேர்க்கலாம்.

வீட்டில் பெற்றோர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 'வாப்பா, இது பழைய வீடியோ' என்று பிள்ளை சொன்னால், 'பெரியவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்' என்று வாயை அடைக்காதீர்கள். அனுப்பியதை அழித்துவிட்டு, 'நான் அனுப்பியது தவறு' என்று அதே குழுவில் எழுதுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

போளூர் அருகே அன்று கூடிய கூட்டத்தில் ஒரே ஒருவர், 'இந்தச் செய்தி எங்கிருந்து வந்தது?' என்று உரக்கக் கேட்டிருந்தால், ஒருவேளை அந்த மூதாட்டி வீடு திரும்பியிருப்பார். நாளை அப்படி ஒரு கூட்டம் கூடும்போது, அந்தக் கேள்வியைக் கேட்பவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும்.