கழுத்துக் கட்டியும் கடதாசியும்

கழுத்தில் கட்டியென்றால் "கழலைதானே" என்று கற்பிட்டி, புத்தளம் பக்கம் நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவை ஆபத்தற்றவைதான். ஆனால் சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும் மிக அரிதாக வரும் ஒருவகைத் தைரொயிட் புற்றுநோயும் உண்டு. நுணுக்குக்காட்டியில் அதன் கலங்கள் இருமுனையும் கூம்பி, நீண்டு தெரியும். 1991இல்தான் சான், ரொசாய் என்னும் வைத்தியர்கள் அதற்குப் பெயரிட்டனர். ஊசியால் எடுக்கும் சிறு மாதிரியில் அதை நிச்சயிப்பது கடினம். சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டியை விசேட சாயமிட்டுப் பார்க்க வேண்டும். மெதுவாக வளரும் அந்நோய் பல வருடங்களின் பின்னும் நுரையீரலில் தலைகாட்டலாம். அப்போது பழைய அறிக்கைதான் வைத்தியருக்கு வழிகாட்டி.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது நம்மில் பலர் வைத்தியக் கடதாசிகளையும் விட்டே வந்தோம். அதனால்தான் நான் வற்புறுத்துகிறேன்: பிள்ளையின் கழுத்தில் கட்டி கண்டால் கிளினிக்கில் காட்டுங்கள், அறிக்கையைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு பத்திரப்படுத்துங்கள்.