வெட்கவைக்கும் கண்களும் நூலகப் பணமும்

இருண்ட கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்ற விவாதம் டென்மார்க்கில் பழையது. தீக்குச்சி விற்ற சிறுமியைக் குளிரில் உறைந்து சாகவிட்ட ஆண்டர்சனின் நாடல்லவா!

அந்த வழியில் வந்தவர் லேன கோபர்பொல். 1960-ல் பிறந்த இவரது முதல் புத்தகம் 15 வயதிலேயே வெளியானது. பெரும்புகழ் தந்தது 2000-ல் வந்த 'வெட்கவைப்பவளின் மகள்'. சிறுமி டினா யார் கண்ணை நேராகப் பார்த்தாலும், அவர் தன் தவறுகளை நினைத்துக் கூசிப்போவார். அதனாலேயே அவளுக்குத் தோழிகள் இல்லை. கோட்டையில் நடந்த கொலைக்கு அவள் தாயைச் சாட்சியாக்குகிறார்கள். குற்றம் சுமத்தப்பட்டவன் கண்ணிலோ கொலைக்கான வெட்கம் இல்லை. அங்கிருந்து கதை விரிந்து நான்கு நூல்களாயிற்று. 2015-ல் திரைப்படமும் வந்தது. 'காட்டுச் சூனியக்காரி' வரிசையும் எழுதினார். அக்னெட்ட ஃபிரீஸுடன் சேர்ந்து குற்றப் புனைவும் எழுதினார். தம் நூல்கள் சிலவற்றைத் தாமே ஆங்கிலமாக்கினார்.

பழையனூர் நீலி கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் எதுவும் அந்நியமில்லை. பழியும் வாக்கும் பேயும் நம்மிடம் வண்டி வண்டியாக உண்டு. பிறகு ஏன் தமிழில் பதின்வயதினருக்கு இப்படி ஒரு எழுத்து வாழ்க்கை அமைவதில்லை? டேனிஷ் பேசுவோர் சுமார் 60 லட்சம்தான். தமிழர் அதைவிடப் பல மடங்கு.

திறமையைக் குறை சொல்வதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். பொது நூலகங்களில் உள்ள தம் நூல்களுக்காக எழுத்தாளருக்கு அரசு ஆண்டுதோறும் பணம் தரும் முறையை உலகில் முதலில் கொண்டுவந்த நாடு டென்மார்க், ஆண்டு 1946. டேனிஷ் மொழியில் எழுதுவதற்கே அந்த ஊக்கம். இரண்டே ஆண்டுகளில், 1948-ல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலானது. ஆனால் நூலகம் பிரதியை வாங்கியதோடு சரி. அது எத்தனை கை மாறினாலும் எழுத்தாளருக்குக் காசில்லை. என் மென்பொருள் துறையில் சொன்னால், ஒருமுறை விற்பதற்கும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

கோபர்பொல்லை இந்தப் பணம்தான் உருவாக்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவரைப் போன்றவர்கள் சிறிய மொழியிலேயே எழுதிக்கொண்டிருக்க அது ஒரு தரை.

டென்மார்க்கும் சொர்க்கமல்ல. 15 வயதினரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு எளிய பத்தியே புரிவதில்லை என்ற கவலையில், நூல்கள் மீதான 25 சதவீத வரியை நீக்கப்போவதாக அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. வரி போனால் விலை குறையலாம். படிக்கவைக்கக் கதை வேண்டுமே. அதை எழுதுபவர் பிழைக்க வழி செய்திருக்கிறார்கள். நாம் இன்னும் பொன்னாடை போர்த்துகிறோம்.